வீட்டுப் பூனைக்கு வாசனை பூசலாமா?

பெருநாள் நெருங்கும்போதும் வீட்டில் கலியாணம் வரும்போதும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், பூனைக்குப் பூசுவதற்கு மென்மையான வாசனை எது?" பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன், வீட்டிலும் பூனை வளர்ப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் மிருக வைத்தியர் அல்லன். ஆனாலும் இந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி சாதாரண இரசாயனமும் உயிரியலும்தான். அதை விளங்கிக் கொண்டால் பல பூனைகளின் உயிர் தப்பும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூனையின் உடம்புக்கு மிக மென்மையான வாசனை, வாசனையே இல்லாததுதான். குளிப்பாட்ட வேண்டி வந்தால் மணமூட்டப்படாத பூனை ஷம்பூவைத் தேர்ந்தெடுங்கள். அத்தர், சென்ட், தைலம், பௌடர் எதையும் அதன் மீது பூச வேண்டாம். பூனையில் கெட்ட மணம் வந்தால் அதை மறைக்க வழி தேடாமல், மணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதுதான் மிச்சக் கட்டுரை.

எங்கள் வீடுகளும் பூனைகளும்

முஸ்லிம் வீட்டில் பூனைக்கு எப்போதும் இடமுண்டு. வுழூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது அபூ கதாதா (ரழி) அவர்கள் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்ததும், பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னதும் அபூதாவூத், திர்மிதி முதலிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. அபூஹுரைரா (ரழி) அவர்களின் பெயரிலேயே பூனைக்குட்டி இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் அறிந்தவர்களுக்கு, 1990க்கு முந்திய வீடுகளில் இருந்த பூனைகள் நினைவிருக்கும். அவை நாட்டுப் பூனைகள். எலி பிடித்தன, மீன் தலை தின்றன, மதிலில் படுத்தன. யாரும் அவற்றைக் குளிப்பாட்டவும் இல்லை, மணமூட்டவும் இல்லை. அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது வீட்டோடு விட்டு வந்தவற்றில் அவையும் அடக்கம். புத்தளத்தில் இருந்த காலத்தில் எங்கள் உம்மம்மா, விட்டு வந்த தளபாடங்களைப் பற்றிக் கதைத்ததை விட, அடுப்படியில் படுத்திருந்த கடுவனைப் பற்றிக் கதைத்ததுதான் அதிகம்.

மீள்குடியேறிய வீடுகளில் இன்று நிலைமை வேறு. நாட்டுப் பூனைகளோடு நீள முடியுள்ள பேர்ஷியன் பூனைகளும் வந்துவிட்டன. அவை அறைக்குள்ளேயே வளர்கின்றன. கட்டிலில் படுக்கின்றன. பிள்ளைகள் மடியில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வெக்கையில் நீள முடி சிக்குப் பிடிக்கிறது, வியாதியும் வருகிறது, மணமும் வருகிறது. கூடவே இணையத்தில் "பெட் கொலோன்", "பெட் பேர்ஃபியூம்" என்று வண்ணப் போத்தல்களும் விற்பனைக்கு வருகின்றன. அத்தரை நேசிக்கும் சமூகம் நாங்கள். நறுமணம் கொடுக்கப்பட்டால் நபி (ஸல்) அவர்கள் மறுப்பதில்லை என்று படித்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு இதமானது நாங்கள் நேசிக்கும் பிராணிக்கும் இதமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பூனையின் உடம்பு அப்படி அமையவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது காரணம்: பூனையின் மூக்கு

பூனைக்கு மணம் என்பது அலங்காரம் அல்ல. அதுதான் அதன் அடையாள அட்டை. கன்னத்திலும் நெற்றியிலும் பாதத்திலும் வால் அடியிலும் பூனைக்கு மணச் சுரப்பிகள் உண்டு. உங்கள் காலில் கன்னத்தை உரசும் பூனை தன் மணத்தை உங்கள் மீது வைக்கிறது. இவர் எங்கள் ஆள் என்று எழுதி வைப்பது போல. கதிரைக் கால், கதவு மூலை, கட்டில் விளிம்பு எல்லாவற்றிலும் இப்படித் தன் வீட்டை வரைந்து வைத்திருக்கிறது.

அதன் மேல் ஊத் வாசனையைத் தெளித்தால் என்ன நடக்கும்? பூனைக்குத் தன் உடம்பே அந்நியமாகிவிடும். உடனே உட்கார்ந்து நக்க ஆரம்பிக்கும். சிலது கட்டிலுக்குக் கீழே போய் ஒளிக்கும். வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தால், மணம் மாறி வந்த ஒன்றை மற்றது அடையாளம் காணாமல் சீறுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். குளிப்பாட்டிய பிறகோ வைத்தியரிடம் போய் வந்த பிறகோ நடக்கும் சண்டைகளுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

மனிதன் மணத்துக்காக மிருகத்தை நாடிய வரலாறு நீளமானது. கஸ்தூரி, ஆண் கஸ்தூரி மானின் சுரப்பியிலிருந்து வந்தது. புனுகு, புனுகுப் பூனையின் பின்புறச் சுரப்பியிலிருந்து வந்தது. இனத்தை அழைக்கவும் இடத்தைக் குறிக்கவும் அந்தப் பிராணிகள் வைத்திருந்த மணத்தைத்தான் நாங்கள் எடுத்துப் பூசிக் கொண்டோம். பெயரில் பூனை இருந்தாலும் புனுகுப் பூனை எங்கள் வீட்டுப் பூனையின் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. இன்னொரு பிராணியின் அடையாள மணத்தை வீட்டுப் பூனையின் மீது பூசுவது அதைக் குழப்புவதே தவிர, அலங்கரிப்பது அல்ல.

இரண்டாவது காரணம்: பூனையின் நாக்கு

நாங்கள் அத்தரைக் கையில் தடவுகிறோம், கையை நக்குவதில்லை. பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கை உடம்பை நக்குவதில் செலவிடுகிறது. அதன் நாக்கு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருப்பது நாம் அறிந்ததே. அந்த முட்களின் நுனி சிறு கரண்டி போலக் குழிந்திருக்கிறது என்றும், அது உமிழ்நீரை முடியின் அடிவரை கொண்டு செல்கிறது என்றும் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள்.

இதன் பொருள் எளிது. முடியில் பூசியது சில மணி நேரத்தில் வயிற்றில் இருக்கும். ஆகவே எந்தப் போத்தலையும் கையில் எடுக்கும்போது "இதைப் பூசலாமா?" என்று கேட்காதீர்கள். "இதை ஒரு தேக்கரண்டி என் பூனைக்குக் குடிக்கக் கொடுப்பேனா?" என்று கேளுங்கள்.

மூன்றாவது காரணம்: பூனையின் ஈரல்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். எங்கள் உடம்புக்குள் போகும் பல வேதிப் பொருட்களை ஈரல் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து, நீரில் கரையக்கூடியதாக மாற்றி, சிறுநீரோடு வெளியேற்றுகிறது. மனிதனிலும் நாயிலும் இந்த வேலை நன்றாக நடக்கிறது. பூனையில் இந்த வேலையைச் செய்யும் நொதியங்களில் முக்கியமான ஒன்று இயங்குவதில்லை. அதற்கான மரபணு செயலிழந்துபோய் இருக்கிறது. சிங்கம், சிறுத்தை உள்ளிட்ட பூனைக் குடும்பத்தில் இதே நிலைதான். தாவரத்தை உண்ணாமல் இறைச்சியை மட்டும் தின்று வாழ்ந்த குடும்பத்துக்குத் தாவர நஞ்சுகளை முறிக்கும் கருவி தேவைப்படவில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இதற்கு எல்லோருக்கும் விளங்கும் உதாரணம் பனடோல். காய்ச்சலுக்கு நாங்கள் இரண்டு குளிசை போடுகிறோம். அதில் ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அதே ஈரல்தான் வாசனை எண்ணெய்களையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. கராம்பு எண்ணெயிலும் கறுவா இலை எண்ணெயிலும் நிறைந்திருக்கும் யூஜினோல், பீனோல் வகையைச் சேர்ந்தது. பூனையின் ஈரல் தடுமாறுவது சரியாக இந்த வகையில்தான். உள்ளே போனது வெளியேறாமல் தங்கும். இன்று ஒரு துளி, நாளை ஒரு துளி என்று சேரும்.

அன்போடு செய்ததே ஆபத்தாகிய கதைக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் விலங்கு நஞ்சு ஆலோசனை மையம் ஒன்றில் 2002 முதல் 2012 வரை பதிவான, தேயிலை மர எண்ணெயால் பாதிக்கப்பட்ட 443 நாய்கள், பூனைகள் பற்றிய ஆய்வு 2014இல் வெளியானது. டீ ட்ரீ ஒயில் என்று இங்கே விற்கப்படுவதுதான் அது. எங்கள் மலைநாட்டுத் தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சம்பவங்களில் 89 சதவீதத்தில் எண்ணெய் தற்செயலாகச் சிந்தவில்லை. வளர்த்தவர்களே நன்மை நாடி வேண்டுமென்று பயன்படுத்தியிருந்தார்கள்.

எங்கள் வீட்டு அலுமாரியில் இருப்பவை

இனி, நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அத்தர்: "அல்கஹோல் இல்லாதது, ஆகவே பாதுகாப்பானது" என்று பலர் சொல்கிறார்கள். தொழுகைக்குப் பூசலாமா என்பது ஒரு கேள்வி. பூனையின் ஈரலுக்குத் தாங்குமா என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கான விடை மற்றதற்கு விடையாகாது. அல்கஹோல் இல்லாத அத்தர் எண்ணெய்த் தன்மையுடையது. அது காற்றில் போகாமல் முடியிலேயே ஒட்டியிருக்கும். கடைசித் துளி வரை நாக்குக்குப் போகும். அல்கஹோல் கலந்த சென்டும் நல்லதல்ல. அது தோலை எரிக்கும், கண்ணையும் மூக்கையும் வருத்தும்.

தைலங்கள்: கோடாரித் தைலம், சித்தாலேப போன்றவை எங்கள் வீடுகளில் இல்லாத நாளில்லை. மனிதனுக்குத் தலைவலி போக்கும் யூக்கலிப்டஸ், கற்பூரம், மென்தோல், கறுவா போன்ற சரக்குகள் இவ்வகைத் தைலங்களில் சேர்கின்றன. பூனைக்குத் தடிமன் என்று மூக்கில் தடவக் கூடாது. நீங்கள் தைலம் பூசியிருந்தால் கையைக் கழுவிய பின்னரே பூனையைத் தூக்குங்கள்.

எலுமிச்சை, தோடம்பழ வாசனை: தோலில் இருக்கும் லிமோனீன் தெள்ளை விரட்டும் என்று சிலர் பூசுவார்கள். பூனைக்கு அது நஞ்சு. லவெண்டரும் மென்மையானது என்று பெயர் எடுத்தது. அதன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. புதினா, சிற்ரோனெல்லா எண்ணெய்களும் இந்தப் பட்டியலில்தான்.

வேப்பெண்ணெய்: வேம்பு எங்கள் முற்றத்து மரம். அதனால் பயமில்லாமல் பூசுகிறோம். வேப்பெண்ணெய்ப் பொருட்களைப் பூசிய பூனைகளில் நடுக்கமும் உமிழ்நீர் வடிதலும் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. மரம் எங்களுடையது என்பதற்காகப் பூனையின் ஈரல் மாறிவிடாது. "மூலிகை", "இயற்கை" என்று லேபலில் எழுதியிருப்பதும் இதே போலத்தான். கராம்பும் இயற்கைதான்.

கிருமிநாசினி: தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெள்ளையாகும் வகையைக் கலந்து பூனையைக் குளிப்பாட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதில் இருப்பதும் பீனோல் வகைப் பொருளே. நிலம் துடைத்தால்கூட, நன்றாகக் காய்ந்த பிறகே பூனையை உள்ளே விடுங்கள். ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கும்.

பௌடர்: குழந்தைப் பௌடரின் தூள் பூனையின் மூச்சுக் குழாய்க்குள் போகும். பூனைகளுக்கும் ஆஸ்துமா உண்டு. முடியில் ஒட்டியது வயிற்றுக்குள்ளும் போகும்.

நாய்க்கான தெள்ளு மருந்து: இது வாசனை அல்ல. ஆனாலும் ஷம்பூவாகவும் ஸ்பிரேயாகவும் வாசனைப் பொருட்களோடு ஒரே தட்டில் விற்கப்படுவதால் சொல்லியாக வேண்டும். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பேர்மெத்ரின் 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். பூனையில் அது வலிப்பை உண்டாக்கி உயிரை எடுக்கும். "நாய்க்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் அதை எச்சரிக்கையாக வாசியுங்கள். கொஞ்சமாகப் போட்டால் சரி என்று கணக்குப் போடாதீர்கள்.

மணம் ஒரு செய்தி

சுகமான பூனையில் பெரிதாக மணம் இருப்பதில்லை. அதன் முதுகில் மூக்கை வைத்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்த சீலையின் மணம்தான் இருக்கும். வேறு மணம் வந்தால் அது உடம்பு அனுப்பும் தகவல். வாசனை பூசுவது, காய்ச்சல் காட்டும் வெப்பமானியைத் துணியால் மூடுவது போன்றது.

வாய் நாறினால் பல், முரசு வியாதி இருக்கலாம். வயது போன பூனையில் சிறுநீரக வியாதியாகவும் இருக்கலாம். காதில் இருந்து மணமும் கோப்பித்தூள் போன்ற அழுக்கும் வந்தால் காதுச் சிற்றுண்ணி இருக்கக்கூடும். தோலில் வட்ட வட்டமாக முடி கொட்டினால் பங்கசுத் தொற்றாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றும். கடுவன்கள் சண்டை பிடித்த கடிகாயம் வெளியே மூடி உள்ளே சீழ் பிடித்தால் கடுமையான மணம் வரும். வால் அடியில் மணம் வந்தால் வயிற்றோட்டமோ, அங்குள்ள சுரப்பியின் அடைப்போ காரணமாகலாம். இவற்றில் ஒன்றுக்குக்கூட வாசனை மருந்தல்ல. எல்லாவற்றுக்கும் கால்நடை வைத்தியரிடம் மருந்து உண்டு.

பெரும்பாலான வீடுகளில் முறைப்பாடு கடுவனின் சிறுநீர் மணத்தைப் பற்றியது. நலமெடுக்காத கடுவனின் சிறுநீரில் கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. அது உடைந்துதான் அந்த மூக்கைத் துளைக்கும் மணம் வருகிறது. நலமெடுத்த கடுவனில் அந்த மணமும், சுவரில் பீய்ச்சும் பழக்கமும் பெரிதும் குறையும். மருத்துவப் பக்கம் இது. மார்க்கப் பக்கத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். ஒரு விடயம் மட்டும் அவசரமானது: கடுவன் சிறுநீர் கழிக்க முக்கி முக்கியும் வராமல் இருந்தால் அது அடைப்பு. அன்றே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

நஜீஸ் பற்றிய பயமும் சிலரை வாசனையின் பக்கம் தள்ளுகிறது. எமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் உயிருள்ள பூனை சுத்தமான பிராணி. அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். நஜீஸை நீக்குவது தண்ணீர், நறுமணம் அல்ல. தொழும் பாயில் பூனை சிறுநீர் கழித்த இடத்தில் சென்ட் அடித்தால் பாய் சுத்தமாகிவிடாது. முதலில் துடைத்து, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் போடுங்கள். சிறுநீர் பட்ட இடத்தில் குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயுவை உண்டாக்கும். உதிர்ந்த முடி போன்ற நுணுக்கமான சட்டங்களையும் உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளலாம்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் தேர்வு சீப்பு. நீள முடிப் பூனையை நாளுக்கு ஒரு முறையும், நாட்டுப் பூனையைக் கிழமைக்கு ஒன்றிரண்டு முறையும் சீவி விட்டால் மணத்துக்கான காரணத்தில் பாதி போய்விடும். செத்த முடியும் அழுக்கும் எண்ணெய்யும் தங்கும் இடம் சிக்குத்தான்.

இரண்டாவது தேர்வு ஈரத் துணி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் முடி போகும் திசையில் துடையுங்கள். பெருநாள் காலையில் விருந்தாளிகள் வருமுன் இது ஒன்றே போதும்.

மூன்றாவதாக மணல் தட்டு. நாளுக்கு இரண்டு முறை அள்ளி, கிழமைக்கு ஒரு முறை முழுதாக மாற்றிக் கழுவினால், பூனை மணக்கிறது என்று நாங்கள் சொல்லும் குற்றச்சாட்டில் பெரும்பகுதி நீங்கும். வாசனை சேர்த்த மணலை வாங்காதீர்கள். சில பூனைகள் அதை வெறுத்து வேறு மூலை தேடும்.

குளிப்பாட்டுவது கடைசித் தேர்வு. சேற்றிலோ எண்ணெயிலோ விழுந்தால், வைத்தியர் சொன்னால், நீள முடி பிசுக்கு ஏறினால் மட்டும். அப்போது ஷம்பூ வாங்கும்போது நான் பார்ப்பவை இவை:

பூனைக்கு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். "நாய்க்கும் பூனைக்கும்" என்றிருந்தால் சேர்மானங்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். சேர்மானப் பட்டியலில் பேர்ஃபியூம், ஃப்ரேக்ரன்ஸ், எசன்ஷியல் ஒயில் என்ற சொற்கள் இருந்தால் திருப்பி வையுங்கள். "ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ" என்றால் மணப் பொருள் சேர்க்கவில்லை என்று அர்த்தம். "அன்சென்டட்" என்றால் மணம் தெரியாது என்று மட்டுமே அர்த்தம். மணத்தை மறைக்க இன்னொரு மணப் பொருள் சேர்த்திருக்கலாம். இந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சேர்மானமே எழுதாத போத்தலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே மணமுள்ள ஷம்பூ இருந்தால்? ஒரு கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு, அலசிக் காய வைத்து, ஒரு முழத் தூரத்தில் பிடித்து மோந்து பாருங்கள். உங்களுக்கு மணந்தால், உங்களை விடப் பல மடங்கு கூர்மையான மூக்குள்ள பிராணிக்கு அது கூடுதல். அதை வைத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

மனிதர் போடும் ஷம்பூவும் சவர்க்காரமும் வேண்டாம். எங்கள் தோல் சற்று அமிலத் தன்மையுடையது, பூனையின் தோல் அதை விட நடுநிலையானது. எங்களுக்காகச் செய்தது அதன் தோலை உலர்த்தும். யாழ்ப்பாணத்தவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் திரளும். வாளியின் விளிம்பில் ஒட்டுவதும், துவாய் விறைத்துப் போவதும் அதனால்தான். அந்தப் படிவு பூனையின் முடியில் தங்கினால் சொறியும், நக்கும். சேமித்த மழைத் தண்ணீர் இருந்தால் பூனைக்கு அதுவே நல்லது. இல்லாவிட்டால் அலசுவதை இரண்டு மடங்காக்குங்கள்.

குளிப்பாட்டும்போது தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும். முகத்திலும் காதிலும் ஊற்ற வேண்டாம். ஷம்பூவை நேரடியாக ஊற்றாமல் தண்ணீரில் கரைத்துப் பூசுங்கள். துவாயால் ஒற்றி எடுத்து, காற்று வீசாத இடத்தில் காய விடுங்கள். சிறு குட்டிகளையும், குட்டி வயிற்றில் இருக்கும் பூனையையும், சுகவீனமானதையும் வைத்தியரிடம் கேட்காமல் குளிப்பாட்டாதீர்கள்.

நறுமணம் வீட்டுக்கு வேண்டுமே?

வேண்டும்தான். வியாழன் பின்னேரம் சாம்பிராணிப் புகை எழும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதை விடச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூனை எழுந்து போக நினைத்தால் போக ஒரு கதவு திறந்திருக்கட்டும். பூட்டிய அறையில் பூனையை வைத்துக் கொண்டு பகூர் போடாதீர்கள். எண்ணெயை நுண்துளியாகக் காற்றில் விடும் மின்சாரக் கருவியைப் பூனை படுக்கும் அறையில் வைக்க வேண்டாம். துளி முடியில் படிந்து நாக்குக்குப் போகும். ஜும்ஆவுக்குப் புறப்படும்போது பூனையைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அத்தர் பூசுங்கள். இந்த வரிசையை மாற்றாவிட்டால் போதும்.

கூட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்போருக்கும் ஒரு வார்த்தை. பறவையின் நுரையீரல் பூனையினதை விட மென்மையானது. புகையும் ஸ்பிரேயும் கூட்டின் பக்கமே போகக் கூடாது.

தவறிப் பட்டுவிட்டால்

பிள்ளைகள் விளையாட்டாகப் பூசிவிடலாம், போத்தல் தட்டுப்பட்டுக் கவிழலாம். பூனை அளவுக்கு மேல் உமிழ்நீர் வடித்தால், தள்ளாடினால், சத்தி எடுத்தால், நடுங்கினால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது நஞ்சேறிய அறிகுறி. முதலில் மேலும் நக்க விடாமல் துவாயால் சுற்றுங்கள். பூனை நிதானமாக இருந்தால், கோப்பை கழுவும் திரவத்தில் சில துளியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து எண்ணெய் படிந்த இடத்தைக் கழுவி, நன்றாக அலசி, துடைத்துச் சூடாக வையுங்கள். பால் பருக்க வேண்டாம். சத்தி எடுக்க வைக்க வேண்டாம். மனிதருடைய மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம். பட்ட பொருளின் போத்தலையும் கையில் எடுத்துக் கொண்டு உடனே கால்நடை வைத்தியரிடம் போங்கள். என்ன பட்டது என்று தெரிந்தால் வைத்தியரின் வேலை பாதியாகும். நடுக்கமோ வலிப்போ வந்துவிட்டால் கழுவிக் கொண்டு நிற்காமல் நேரே கொண்டு போங்கள்.

பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

ஒரு பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதாக புகாரி, முஸ்லிம் நூல்களில் வரும் ஹதீஸை மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அந்தப் பெண்ணின் செயல் வெளிப்படையான கொடுமை. எங்கள் வீடுகளில் அப்படி யாரும் செய்வதில்லை. எங்கள் ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது: அன்பு நிறைய, அறிவு குறைய. கதவைப் பூட்டிய அறைக்குள் வளரும் பூனைக்கு, நாங்கள் பூசுவதைக் கழுவிக் கொள்ளத் தன் நாக்கைத் தவிர வேறு வழியில்லை. அதற்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் மொழியில்லை. அமானிதம் என்ற சொல்லுக்கு இதை விடப் பொருத்தமான இடம் குறைவு.

ஆகவே இந்தப் பெருநாளுக்குப் பிள்ளை, "பூனைக்கும் சென்ட் அடிக்கட்டா?" என்று கேட்டால், கையில் ஒரு சீப்பைக் கொடுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து மெதுவாகச் சீவச் சொல்லுங்கள். பூனை கண்ணை மூடிக் கொண்டு குறுகுறுக்கும். விருந்தாளிகளுக்கு மணக்க வேண்டியது பூனையல்ல, பிள்ளையின் புதுச் சட்டைதான்.